கொள்ளிடத்தில் ஏறும் பை

"பை எங்க?"

மெகருன்னிசா இதே கேள்வியை மூன்றாவது முறையாகக் கேட்டாள். காசிம் சட்டையின் கைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். அவ்வளவு நேரம் எடுக்கிற பொத்தான் அல்ல அது. ஆனாலும் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சொன்னேனே மெகரு. சபாபதிகிட்ட இருக்கு."

"எந்தச் சபாபதி?"

"நடனசபாபதி. மஞ்சக்குப்பத்துல ஆபீஸ். கொள்ளிடத்துலேர்ந்து தினம் ரயில்ல வர்றாரே, அவரு."

"நம்ம புள்ளையோட டி.சி. கொள்ளிடத்துல என்னா பண்ணுது?"

காசிம் அடுத்த கைப் பொத்தானுக்குப் போய்விட்டான்.

மூன்று மாதமாக இந்த வீட்டில் எதைக் கேட்டாலும் இப்படித்தான். ராயப்பேட்டை மாடியில் குழாயும் மின்விசிறியுமாக இருந்த குடும்பம். காசிம் வேலை பார்த்த கப்பல் ஏஜெண்டு கம்பெனி அவனைக் கடலூர் ஓ.டி. கிளைக்கு அனுப்பியபோது, "விடுங்க, சம்பளத்துல பாதியாவது கையில நிக்கும்" என்று மூட்டை கட்டியவளே மெகருன்னிசாதான். கடலூரிலேயே மஞ்சக்குப்பத்தில் நாலு நாள் வீடு தேடினார்கள். அதிகாரிகள் குடியிருக்கிற பேட்டை. வாடகையைக் கேட்டால் ராயப்பேட்டையே தேவலை என்றிருந்தது. அப்போதுதான் ரயிலில் யாரோ ஒரு புண்ணியவான் சொன்னான்: சிதம்பரத்தில் பாதி வாடகைக்கு வீடு கிடைக்கும், ஒரு மணி நேரப் பயணம், சீசன் டிக்கெட் எடுத்தால் தீர்ந்தது.

அந்த ஒரு மணி நேரம் ஒரு நாள்கூட ஒரு மணி நேரமாக இருந்ததில்லை. எதிர் ரயிலுக்கு வழிவிட்டு ஆலப்பாக்கத்தில் நிற்கும், பரங்கிப்பேட்டையில் நிற்கும், சில நாள் காரணமே இல்லாமல் வயலுக்கு நடுவில் நிற்கும். லால்கான் தெருவுக்குப் பின்னால் சந்துக்குள் பாதி வாடகைக்குக் கிடைத்த வீட்டில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. டீ போட்டால் கண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது போலிருக்கும். ஆனால் காசிம் மட்டும் மூன்று மாதத்தில் ஒரு சுற்றுப் பெருத்திருந்தான். காலையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே செருப்பு மாட்டுவான். அதைக் கேட்கும்போதெல்லாம் மெகருன்னிசாவுக்கு எரிந்துகொண்டு வரும்.

இன்று புதன்கிழமை, ஜூன் பதினேழு. பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. சாயங்காலம் நாலு மணியோடு சேர்க்கை முடிகிறது. டி.சி. இல்லாமல் சுல்தானாவைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். சென்னைப் பள்ளிக்கூடத்துக்கு மூன்று கடிதம் போட்டு வரவழைத்த டி.சி. அது. "இந்தச் சந்து தபால்காரனுக்குப் புரியாது" என்று காசிம் தன் ஆபீஸ் முகவரியைக் கொடுத்திருந்தான். நேற்று ரிஜிஸ்தர் தபாலில் வந்தது. ராத்திரி வீட்டுக்குள் நுழைந்ததும், "வந்துடிச்சி மெகரு, பையில பத்திரமா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கிப்போனான்.

அந்தப் பை வீட்டுக்கு வருகிற பையே இல்லை என்பது விடிந்த பிறகுதான் தெரிந்தது.

"சிதம்பரத்துல ஏறுனா உக்கார இடமே கிடைக்காது மெகரு. கொள்ளிடத்துல பெட்டி காலியா இருக்கும். அதனால சாயங்காலம் எறங்கறப்ப என் பைய சபாபதிகிட்ட குடுத்துடுவேன். காலையில அவரு ஏறி ஜன்னலோரத்துல வச்சுட்டா அது என் இடம். பை வச்ச இடத்துல ஒருத்தனும் உக்கார மாட்டான். சீசன்காரங்க சட்டம்."

"மூணு மாசமா உங்க பை தினம் கொள்ளிடம் போய்ட்டு வருதா?"

"பையில ஒண்ணும் இருக்காது. துண்டு, தண்ணி பாட்டில், பேப்பர்…"

"நேத்து இருந்துச்சே!"

உள்ளேயிருந்து சுல்தானா எட்டிப் பார்த்தாள். பதினாலு வயது. கையில் ராயப்பேட்டை நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்காமலே வந்துவிட்ட தடித்த மொழிபெயர்ப்பு நாவல்.

"வாப்பா, அப்போ இப்ப வர்ற ரயில்லயே பை வருமே?"

வீட்டில் ஒருத்திக்காவது மூளை வேலை செய்கிறதே என்று மெகருன்னிசா துப்பட்டியை எடுத்தாள். "கிளம்பு. மூணு பேருமே போறோம்."

இந்த அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. காசிமின் அக்கா ஆரிபா லாத்தா இன்று பரங்கிப்பேட்டையிலிருந்து வருகிறாள். அவள் மகன் அபுல் ஹசன் பினாங்கில் கடையில் இருக்கிறான். டிசம்பரில் ஊருக்கு வருகிறான். "பள்ளிக்கூடத்துல இடம் கிடைக்கலன்னா ஒரு வருஷம் சும்மாத்தானே இருக்கப்போறா? அந்த வருஷத்துலயே நிக்காஹ முடிச்சுடுவோம்" என்று போன வாரம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். காசிம் பிறந்ததிலிருந்து லாத்தாவிடம் ஒரு தடவைகூட மாட்டேன் என்று சொன்னவனில்லை.

பிளாட்பாரத்தில் கரி மணத்தது. சுல்தானா தண்டவாளத்தின் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உம்மா, இந்தக் கதையில ஸ்டேஷன் பூரா பனி கொட்டிக்கிட்டே இருக்கும். ஒரு பொம்பள ரயிலுக்குக் காத்துக்கிட்டு நிப்பா…"

"இங்க கரிதான் கொட்டும். கண்ண மூடிக்க."

ரயில் வந்தது. வாசலில் தொங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு இடையில் காசிம் எப்படியோ நுழைந்தான். அவன் சொன்னது பொய்யில்லை. ஜன்னலோரத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது. அதன் மேல் பழைய மஞ்சள் துணிப்பை ஒன்று, ஜமீன்தார் போல உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் எட்டுப் பேர் நின்றார்கள். ஒருவரும் அதைத் தொடவில்லை.

காசிம் பையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து உள்ளே கைவிட்டுத் துழாவினான். துழாவத் துழாவ அவன் முகம் நீண்டுகொண்டே போனது.

"குடுங்க இப்படி!" மெகருன்னிசா ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பையைப் பிடுங்கினாள். எதிரில் இருப்பதையே காணோம் என்று தேடுகிற மனுஷன் அவன். துண்டு இருந்தது. பாட்டில் இருந்தது. மடித்த பேப்பர் கட்டு இருந்தது. கவர் இல்லை.

எதிர் சீட்டிலிருந்த இன்னொரு கொள்ளிடத்துச் சீசன்காரன் பொன்னுரங்கம் வாயிலிருந்த வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டான். "ரிஜிஸ்தர் கவரா மச்சான்? அது சபாபதி சார் வூட்டுல இருக்குது. அவருக்கு இன்னிக்கு லீவு. பைய மட்டும் எங்கிட்ட குடுத்தாரு. கவர் தொலைஞ்சா யாரு பதில் சொல்றது, நாளைக்குக் கையிலயே குடுத்துடறேன்னாரு."

"நாளைக்கா?" என்றாள் மெகருன்னிசா.

விசில் ஊதியது. காசிம் எழுந்தான், உட்கார்ந்தான். "மெகரு, ஏற்கெனவே ரெண்டு நாள் லேட்டு. மானேஜர் மூஞ்சியில முழிக்க முடியாது. நீ போயி பள்ளிக்கூடத்துல சொல்லு, நாளைக்குன்னு…"

"யாருகிட்ட சொல்றது? நீங்க எறங்குங்க!"

வண்டி நகர்ந்தது. அவன் இறங்கவில்லை. நாலு ஜன்னல் தூரம் போனதும்தான் திடீரென்று தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

"பை! மெகரு, பைய குடு! பைய எடுத்துக்கிட்டுப் போகாத!"

மெகருன்னிசாவுக்கு அழுகைக்குப் பதில் சிரிப்பு வந்துவிட்டது. மகள் படிப்பு தண்டவாளத்தில் கிடக்கிறது, இந்த மனுஷனுக்கு நாளைக்கு உட்கார இடம் வேண்டுமாம்!

"இப்ப என்னா உம்மா பண்றது?"

மெகருன்னிசா பையைப் பார்த்தாள். எட்டுப் பேர் நின்றுகொண்டே அதற்கு மரியாதை கொடுத்தது கண்ணுக்குள் வந்தது.

"நீ இந்தப் பைய எடுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போ. ஆபீஸ் ரூம்ல பெஞ்சு இருக்கும். அதுல உக்காரு, பைய பக்கத்துல வை. எங்க உம்மா டி.சி. கொண்டாறாங்கன்னு மட்டும் சொல்லு. போகச் சொன்னாலும் எழுந்திரிக்காத."

"எவ்வளவு நேரம்?"

"நான் வர்ற வரைக்கும். அதான் கதைப் புஸ்தகம் இருக்கே, எங்கயாவது பனி கொட்டும், படிச்சுக்கிட்டு இரு."

கொள்ளிடம் போகிற ரயில் எட்டே முக்காலுக்கு வந்தது. ஏறக் காலை வைத்தவள், இரண்டு பெட்டி தள்ளி ஒரு வெள்ளைத் துப்பட்டியும் கறுப்புக் குடையும் இறங்குவதைப் பார்த்தாள். ஆரிபா லாத்தா! பதினோரு மணிக்கு வருவேன் என்றவள் இப்போதே வந்து இறங்குகிறாள். இப்போது கண்ணில் பட்டால் பேச்சிலேயே மத்தியானமாகிவிடும். மெகருன்னிசா துப்பட்டியை மூக்கு வரை இழுத்துக்கொண்டு பெட்டிக்குள் மறைந்தாள். வீட்டில் பூட்டைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போகட்டும்.

அதுதான் அவள் அன்று செய்த தப்பு.

கொள்ளிடத்தில் சபாபதி வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவர் மனைவி குணசுந்தரி ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"சிதம்பரம் பாய் வூட்டு அம்மாவா? வாங்க, வாங்க. ஐயையோ, இப்பதானே அவுங்க கிளம்பிப் போனாங்க!"

"எங்க போனாங்க?"

"உங்க வூட்டுக்குத்தான்! ராத்திரி பூரா அவருக்குத் தூக்கமில்ல. ரிஜிஸ்தர்னா அவசரமாத்தான் இருக்கும், நாளைக்கு வரைக்கும் வச்சிருக்கறது தப்புன்னுட்டு சைக்கிள எடுத்துக்கிட்டுப் பாலத்து மேலயே போயிட்டாரு. நாத்து வுடறதுக்குன்னு போட்ட லீவு. நாத்தும் போச்சு."

மெகருன்னிசா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். குணசுந்தரி மோர் கொடுத்தாள். மோரில் உப்பில்லை, மூன்று மாதத்தில் முதல்முறையாக உப்பில்லாத ஒன்றைக் குடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். எத்தனை நல்ல மனுஷர்கள்! ஒருத்தர் பையைப் பத்திரமாக வைக்கிறார், ஒருத்தர் கவரைப் பத்திரமாக வைக்கிறார், பத்திரம் தாங்காமல் அதைச் சைக்கிளில் கொண்டுபோகிறார். கெட்டவன் ஒருத்தன் நடுவில் இருந்திருந்தால் பையைக் கவரோடு அப்படியே ரயிலில் போட்டிருப்பான். கவர் காலையிலேயே கைக்கு வந்திருக்கும்.

அன்று பஸ் இல்லை, திரும்புகிற ரயில் ஒன்றரைக்கு என்றார்கள். இரண்டேகாலுக்கு வந்தது. கொள்ளிடம் பாலத்தில் அது ஊர்ந்தபோது, இறங்கித் தள்ளலாமா என்றிருந்தது அவளுக்கு.

சந்துக்குள் நுழைந்தபோது மணி மூன்று. பூட்டிய வீட்டு வாசலில், பக்கத்து வீட்டு வேலம்மாள் கொடுத்த முக்காலியில், குடையை மடியில் வைத்துக்கொண்டு ஆரிபா லாத்தா உட்கார்ந்திருந்தாள்.

"வா, வா. காலையிலேர்ந்து வேகறேன் இங்க. ஊர் சுத்திட்டு வர்றியா?"

"லாத்தா, ஒருத்தர் சைக்கிள்ல வந்தாரா?"

"வந்தாரு. நான்தான் மூத்த நாத்தனான்னேன். குடுத்துட்டுப் போனாரு." லாத்தா இடுப்பைத் தட்டினாள். கவரின் ஒரு முனை மட்டும் துப்பட்டிக்குள் தெரிந்தது. "வேலம்மா மவன படிக்கச் சொன்னேன். இது என்னா காயிதம்னு எனக்குத் தெரியும்."

"குடுங்க லாத்தா. நாலு மணிக்கு மூடிடுவாங்க."

"குடுக்கறேன். என்னா அவசரம்? உக்காரு. மொதல்ல டிசம்பருக்கு ஒரு வார்த்த சொல்லு."

"அவ படிக்கணும்."

"நான் படிக்க வேணாம்னா சொன்னேன்? நம்ம ஹசன் கெட்டவனா? மாசம் தவறாம லெட்டர் போடறான்."

"அந்த லெட்டர உங்களுக்குப் படிச்சுக் காட்டறது யாரு? பினாங்கு அட்ரஸ இங்கிலீஷ்ல எழுதித் தர்றது யாரு?"

"சுல்தானாதான். மருமவளா வந்து அப்பவும் எழுதட்டுமே. எனக்கும் ரயில் செலவு மிச்சம்."

இந்தப் பேச்சுக்கு முடிவே கிடையாது என்பது மெகருன்னிசாவுக்குத் தெரியும். லாத்தாவிடம் கெஞ்சினால் பேச்சு வளரும், கோபப்பட்டால் அதைவிட வளரும். பாதிப் பேச்சில் எழுந்துபோனால் மட்டும் அவளால் பொறுக்கவே முடியாது. போன பெருநாளைக்கு மீன்காரியிடம் விட்ட பேச்சை முடிப்பதற்காகக் கடற்கரை வரை நடந்தவள். மெகருன்னிசா எழுந்தாள். துப்பட்டியை உதறினாள். சந்தின் வாசலை நோக்கி நடந்தாள்.

"ஏய், எங்க போற? பேசிக்கிட்டே இருக்கேன்!"

"பேசுங்க லாத்தா. நடந்துக்கிட்டே கேக்கறேன்."

"என்னா மரியாத இது? நில்லு! டிசம்பர் வேணாம்னா தை மாசமாவது…"

"தை மாசம் பரீட்சைக்குப் படிக்கிற நேரம்."

"பரீட்சை எழுதி கலெக்டரா ஆவப்போறா? மெதுவா நட, எனக்கு மூச்சு வாங்குது!"

கீழ வீதியைத் தாண்டினார்கள். மெகருன்னிசா ஒவ்வொரு திருப்பத்திலும் லாத்தா பதில் சொல்லாமல் விட முடியாத மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டு இரண்டு எட்டு வேகமாக நடந்தாள். "உங்க தம்பிக்கு சிதம்பரத்துல வீடு பாக்கச் சொன்னதே நீங்கதானே?" என்று வேண்டுமென்றே பழிபோட்டதற்கு மட்டும் லாத்தா அரைத் தெரு பேசினாள். பேசிக்கொண்டே பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டியதை அவள் கவனிக்கவேயில்லை.

ஆபீஸ் அறையில் மணி நாலாகப் பத்து நிமிஷம். பெஞ்சில் சுல்தானா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மஞ்சள் பை. குறிஞ்சிப்பாடிக்காரர் ஒருவர் தன் மகளோடு சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

தலைமை எழுத்தர் லூர்துசாமி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்கதான் உம்மாவா? மூணு தடவ போகச் சொன்னேம்மா இந்தப் புள்ளைய. பைய காட்டிச்சு. எட்டு வருஷம் விழுப்புரத்துக்கு சீசன்ல போனவன் நான். பை இருக்கற இடத்த எடுத்து இன்னொருத்தருக்குக் குடுக்க எனக்குக் கை வரல. இவரையும் நிக்க வச்சிருக்கேன். டி.சி. எங்க?"

மெகருன்னிசா மெல்லத் திரும்பி லாத்தாவைப் பார்த்தாள். லூர்துசாமி பார்த்தார். குறிஞ்சிப்பாடிக்காரர் பார்த்தார். சுல்தானா எழுந்து நின்று, "மாமி, நீங்களும் வந்திருக்கீங்களா!" என்றாள்.

வாயைத் திறந்த லாத்தா அப்படியே நின்றாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து கவரை உருவி மேசையில் வைத்தாள்.

"இந்தாங்க. இத குடுக்கத்தான் பரங்கிப்பேட்டையிலேர்ந்து வந்தேன்."

குறிஞ்சிப்பாடிக்காரர் மகளின் தோளைத் தட்டி அழைத்துப் போனார். மெகருன்னிசாவால் அந்தப் பெண்ணின் முதுகைப் பார்க்க முடியவில்லை.

ஐந்தரை ரயிலுக்கு லாத்தா கிளம்பினாள். "பேச்சு முடியல. வெள்ளிக்கிழமை வர்றேன்" என்று குடையை ஆட்டிவிட்டுத்தான் போனாள். பெரிய ஆற்றை நீந்திக் கடந்தவள் போல மெகருன்னிசா வீட்டுக்கு வந்து கூடத்தில் காலை நீட்டினாள். மூன்று மாதத்தில் முதல்முறையாக இந்த ஊரில் அவளுக்கென்று ஒன்று கிடைத்திருக்கிறது. உப்புத் தண்ணீர் டீகூட அன்று இறங்கியது.

சுல்தானா மட்டும் வழியெல்லாம் பேசவில்லை. பையைக் கட்டிக்கொண்டு எதிரில் வந்து நின்றாள்.

"உம்மா, நாவல் முடிஞ்சுபோச்சு. அதனால பையில இருந்த பேப்பர படிச்சேன்."

"அதுக்கென்ன?"

"பேப்பர் மடிப்புல இது இருந்துச்சு. அங்கயே சொல்லணும்னு பாத்தேன். சொன்னா நீங்க டி.சி.ய குடுக்க மாட்டீங்கன்னு…"

டைப் அடித்த இங்கிலீஷ் கடிதம். சென்னை ஹெட் ஆபீஸ். சுல்தானா வரி வரியாகத் தமிழில் சொன்னாள். காசிமின் பழைய இடம் சென்னையில் மறுபடியும் காலியாகிறது. சம்பளம் கூடும், வீட்டு வாடகைக்குப் படி உண்டு. திரும்பி வர விருப்பமா என்பதை ஜூன் இருபதாம் தேதிக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும். விருப்பமில்லையென்றால் வேறொருவர் நியமிக்கப்படுவார்.

கடிதத்தின் தேதி ஜூன் மூன்று.

பதினாலு நாள். பதினாலு நாளும் அவள் கிணற்றடியில் நின்று ராயப்பேட்டைக் குழாயை நினைத்துப் புலம்பியிருக்கிறாள். அவன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு செருப்பு மாட்டியிருக்கிறான். வீட்டுக்குள் வராத பை. கொள்ளிடத்துக்குப் போய்க் கடலூருக்கு வந்து, அவள் கண்ணில் மட்டும் படாத பை. ஒன்றை ஒளித்துவைக்க இதைவிட நல்ல இடம் ஏது! காலையில் ஜன்னலில் தொங்கிக்கொண்டு அவன் கத்தினது உட்காரும் இடத்துக்காக இல்லை.

"போயிடலாமா உம்மா? இல்ல, இங்கயே இருக்கலாமா?" என்றாள் சுல்தானா.

மெகருன்னிசா கடிதத்தைக் கையில் வாங்கினாள். நேற்று இதே கேள்வியைக் கேட்டிருந்தால் இந்நேரம் பாதிப் பாத்திரம் மூட்டையில் இருந்திருக்கும். பள்ளிக்கூடத்து ரசீது முந்தானை முடிச்சில் உறுத்தியது.

தூரத்தில் ரயில் கூவியது. அவள் எழுந்தாள். கடிதத்தைப் பேப்பர் மடிப்புக்குள் இருந்தபடியே வைத்தாள். பையைக் கொண்டுபோய்க் கூடத்தில் காசிமின் சாய்வு நாற்காலி நடுவில், நேராக நிமிர்த்தி வைத்தாள்.

பாட்டுச் சத்தம் சந்துக்குள் வந்தது. செருப்பைக் கழற்றிக்கொண்டே காசிம் குரல் கொடுத்தான். "மெகரு! சுல்தானாவுக்கு இடம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"அல்ஹம்துலில்லாஹ்! நான் அப்பவே சொல்லல?" என்று சிரித்தபடி கூடத்துக்குள் வந்தவன், நாற்காலியைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"ஏன் நிக்கறீங்க?" என்றாள் மெகருன்னிசா. "உங்க பைதானே? உக்காருங்க."

காசிம் உட்காரவில்லை.